துணிக்கு அந்தப் பக்கம்

படம் பார்த்துவிட்டு வந்தவன் வாயை மூடிக்கொண்டு போய்ப் படுத்ததாக எங்கள் சுரங்க லைன் வீடுகளில் சரித்திரமே கிடையாது. கூத்தோ நாடகமோ சர்க்கஸோ, எது வந்து போனாலும் மறுநாள் ஆளுக்கொரு அபிப்பிராயம். கொட்டகைப் பக்கமே எட்டிப் பார்க்காதவனுக்கு இரண்டு அபிப்பிராயம். ராஜா வேஷக்காரனுக்குக் குரல் போதாது என்பான் ஒருவன். குரல் போதும், ராஜாதான் போதாது என்பான் இன்னொருவன். இரண்டு பேருக்கும் பாட்டு என்றால் என்னவென்றே தெரியாது. கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்ததுதான் மிச்சம்.

இந்தக் கூச்சலுக்கு நடுவில் தாயம்மா சொல்வது மட்டும்தான் எடுபடும். மாரிகுப்பத்தில் ரயில் வந்து நிற்கிற இடத்துக்கு மேற்கே இருந்த தட்டி வீடுகளில் ஒன்று அவளுடையது. மூங்கில் தட்டிச் சுவர், தகரக் கூரை, வாசலில் இரண்டு பெரிய அடுப்பு. வடார்க்காட்டிலிருந்து குடும்பம் இல்லாமல் வந்து தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஆண்பிள்ளைகளுக்கு அவள் சோறாக்கிப் போட்டாள். நான் சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் அல்ல, மேலே தச்சுப்பட்டறையில் வேலை. ஆனாலும் குடியாத்தத்திலிருந்து வந்த தனிக்கட்டை என்பதால் நானும் அந்த அடுப்படிக்குத்தான் வந்து சேர்ந்தேன். தாயம்மாவின் புருஷன் கோவிந்தன் பூமிக்கு அடியில், லெவல் என்கிற சுரங்கப் பாதையில் கல் அள்ளுகிறவன். ஒரு தள்ளுவண்டி ஏறி இடது கால் நசுங்கியதிலிருந்து அந்தக் காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பான்.

தாயம்மா எதையும் நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்று சொல்ல மாட்டாள். அவளுக்கு எல்லாம் வேக்காட்டுக் கணக்குதான். கால் வேக்காடு, அரை வேக்காடு, முக்கால் வேக்காடு. முழு வேக்காடு என்று எந்த ஆட்டத்துக்கும் அவள் கொடுத்து நான் கேட்டதில்லை. ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த கூத்தில், சண்டைக்கு நடுவே ராட்சச வேஷக்காரன் சுருட்டுக்கு நெருப்புக் கேட்டான். "அர வேக்காடு. அதுவும் அந்தக் கோமாளிக்காவ" என்று முடித்துவிட்டாள். பெங்களூர் நாடகக் கம்பெனிக்கு, "தெரைக்கு முக்கா, ஆளுங்களுக்குக் கால்." மாதா கோயில் பண்டிகைக்கு லாந்தர் வைத்துச் சுவரில் படம் காட்டினார்கள், அதற்கும் போனாள். "படம் நல்லாத்தான் கீது. ஒண்ணுகூட நவுரலியே. ஒல வெச்சிட்டு நெருப்பு மூட்டாம வுட்டுட்டாங்க" என்றாள்.

தீர்ப்பெல்லாம் குழாயடியில்தான். பேத்தமங்களா ஏரித் தண்ணீர் குழாயில் வருகிற நேரத்துக்குப் பெண்கள் குடத்தோடு வரிசை கட்டுவார்கள். தாயம்மா அங்கே வாயைத் திறந்தால், அவள் சொன்னது குடத்தோடு குடமாக எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். மறுநாள் கொட்டகையில் ஈ ஆடாது. அந்த நாடகக் கம்பெனிக்காரன் பொறுக்க முடியாமல் ஒரு நாள் நேரிலேயே வந்துவிட்டான்.

"இன்னாம்மா, எங்க பொழப்புல இப்படி மண்ண வாரிப் போடறீங்க?"

"வேகலன்னா வேகலன்னுதான் சொல்லணும். எஞ்சோறு வேகலன்னா நீயும் சொல்லிட்டுப் போ" என்று தாயம்மா அவனுக்கே ஒரு தட்டு போட்டாள். அவன் தின்றுவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனான். அவள் பொய் சொல்ல மாட்டாள் என்பதுதான் அவளுடைய மதிப்பு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வந்த கோபத்துக்கு அதுதான் காரணம்.

பயாஸ்கோப் வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழில். பட்டாளத்துக்காரர்கள் இருக்கிற பெங்களூர் தண்டிலிருந்து டக்ளஸ் என்கிற சட்டைக்காரர், பாதி வெள்ளைக்காரர், வந்து ஸ்டேஷன் மைதானத்தில் கூடாரம் அடித்தார். கூடாரத்தின் நட்டநடுவில் ஒரு பெரிய வெள்ளைத் துணி. துணிக்கு இந்தப் பக்கம் படப்பெட்டி, துரைமார்களுக்கு நாற்காலி, ஆண்பிள்ளைகளுக்கு மண்தரை. துணிக்கு அந்தப் பக்கம் பெண்களும் குழந்தைகளும். பின்னாலும் படம் தெரிய வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் துணியைத் தண்ணீர் ஊற்றி நனைப்பார்கள். தாயம்மாவுக்கு முதல் நாளே அதில் கோபம். "நாம ஒரு கொடத்துக்கு அடிச்சிக்கினு சாவறோம். இவன் துணியக் குளிப்பாட்டறான்" என்றாள்.

படங்கள் எல்லாம் துண்டு துண்டுதான். ஒரு ரயில் வரும். சிப்பாய்கள் நடந்து போவார்கள். ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் மேஜையில் உட்கார்ந்து கரண்டியால் கஞ்சி குடிக்கும். இவ்வளவுக்குத்தான் வீட்டுக்கு வீடு சண்டை. ரயில் வலப்புறமிருந்து வந்தது என்றோம் நாங்கள். இடப்புறமிருந்து வந்தது என்றார்கள் பெண்கள். "சீ, எடக்கையால சாப்புடற கும்பலு! கால் வேக்காடுகூடத் தர மாட்டேன்" என்றாள் தாயம்மா. அவர்கள் வலது கையால் குடித்ததை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். பொம்பளைகளுக்கு வலது இடது தெரியவில்லை என்று நாங்கள் சிரித்தோம், உங்களுக்குக் கண் அவிந்து போயிற்றா என்று அவர்கள் கேட்டார்கள். துணிக்குப் பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும் என்று எங்களில் ஒருத்தருக்காவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

தாயம்மா அப்படிச் சொன்னதும் கூடாரத்தில் கூட்டம் குறைந்தது. டக்ளஸ் லேசுப்பட்ட ஆள் இல்லை. நம்ம ஊர் ஆட்களையே படம் பிடித்து நம்ம ஊரிலேயே காட்டுவேன் என்று, ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்குகிற எங்கள் ஷாப்டுக்கே படம் பிடிக்கிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஷிப்டு முடிந்து ஆட்கள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வருகிற நேரம். மேலே வந்தவன் நேராக வீட்டுக்குப் போய்விட முடியாது. தங்கத்தை எங்கேயாவது ஒளித்து எடுத்துப் போகிறானா என்று பார்ப்பதற்காகச் சோதனைக் கொட்டாய் முன்னால் வரிசையில் நிறுத்துவார்கள். கோவணம் தவிர மற்றதை உதற வேண்டும், கையைத் தூக்க வேண்டும், குடுமியை அவிழ்க்க வேண்டும், காவல்காரன் முன்னால் வாயைத் திறந்து நாக்கைத் தூக்க வேண்டும். தினமும் நடப்பதுதான். சுரங்கத்து ஆள் யாரும் அதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை, வீட்டில் போய்ச் சொன்னதும் இல்லை. பெண்களுக்குச் சுரங்க வாசலுக்கு உள்ளே வேலை கிடையாது.

டக்ளஸ் அந்தக் கொட்டாய்க்கு எதிரே பெட்டியை நிறுத்திக் கைப்பிடியைச் சுற்றினார். கோவிந்தன் முறை வந்தபோது, "ஸ்லோவா வா, மேன். இங்கே பாரு, இங்கே பாரு" என்றாராம். காவல்காரனுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. கோவிந்தனின் தாடையைப் பிடித்துப் பெட்டிப் பக்கம் திருப்பி, மற்றவர்களை விட இரண்டு பங்கு நேரம் நிற்க வைத்தான். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்த கோவிந்தன் சோற்றில் கை வைக்கவே இல்லை.

"எம்மூஞ்சி பெங்களூருக்குப் போவுது, மெட்ராசுக்குப் போவுது. சீமைக்குக்கூடப் போவுமாம், டக்ளஸ் தொர சொல்லிச்சு."

"மொதல்ல சோறு உள்ள போவட்டும் மாமா" என்றாள் தாயம்மா. ஆனால் அவளுக்கும் வாயெல்லாம் பல். எங்களுக்கெல்லாம் குழம்போடு சரி. அவனுக்கு மட்டும் தட்டில் ஒரு கருவாட்டுத் துண்டு வந்து விழுந்தது.

கோவிந்தனைக் குறை சொல்லிப் பயனில்லை. கால் போனதிலிருந்து அவன் பெயரே ஊரில் நொண்டி. சம்பளம் கொடுக்கிற இடத்திலும் நொண்டி, சாராயக் கடையிலும் நொண்டி. அவனை ஒருத்தன் கூப்பிட்டு நிறுத்தி, இங்கே பார் என்று சொன்னது அவன் ஆயுசிலேயே அதுதான் முதல் தடவை. ஒரு மாசம் அவன் தரையில் நடக்கவில்லை.

படம் தயாராகிக் கூடாரத்துக்கு வந்த அன்று ஊரே திரண்டு போனது. முன்பக்கம் நாங்கள் போட்ட கூச்சலில் கூரைத் துணி பிய்ந்திருக்க வேண்டும். "தோடா, ஏசுபாதம்!" "தோ வரான்டா கோவிந்தன்!" என்று பெயர் சொல்லிச் சொல்லிக் கத்தினோம். கத்தினதில் பாதிப் படத்தைப் பார்க்கவே இல்லை. கோவிந்தன் எழுந்து நின்று துண்டைச் சுற்றினான். துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் ஒரு சத்தமும் வரவில்லை. பெண்களுக்குப் படம் புரியவில்லை போலிருக்கிறது என்று ஏசுபாதம் சொன்னான். ஏசுபாதம் கோவிந்தனோடு ஒரே லெவலில் வேலை செய்கிறவன், பக்கத்து வீடு.

மறுநாள் குழாயடியில் ஏசுபாதத்தின் மனைவி லூயிசாதான் கேட்டாள். நானும் ஒரு வாளியோடு நின்றிருந்தேன்.

"தாயம்மாக்கா, எத்தினி?"

தாயம்மா குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள். "வேகவே இல்லடி. சுத்த மோசடி. எவனோ வேசக்காரனுங்கள நிக்க வெச்சி எடுத்துக்கினு வந்து, நம்ம ஆளுங்கன்னு சொல்றான். எங்க வூட்டுக்காரரு எடது கால இஸ்துக்கினு நடப்பாரு. அதுல வர்றவன் வலது கால இஸ்துக்கினு போறான். அவன் எவனோ."

லூயிசா ஒரு நிமிஷம் அவள் முகத்தையே பார்த்தாள். அப்புறம், "ஆமாக்கா. எங்க வூட்டுக்காரருக்கு வலது தோளுல தழும்பு. அந்த ஆளுக்கு எடது தோளுல கீது. அவரு இல்ல" என்றாள். அந்தக் குடம் நிரம்புவதற்குள் அங்கிருந்த அத்தனை பெண்களும் தங்கள் புருஷன் படத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கோவிந்தனுக்கு இது எட்டியபோது அவன் முதலில் சிரித்தான். அப்புறம் அடுப்புக்கு முன்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து காட்டினான்.

"இன்னா காலு இது?"

"எடது."

"படத்துல?"

"வலது."

"அப்போ நானு யாரும்மே?"

"நீ எம்புருசன். படத்துல கீறவன் எவனோ. வழி வுடு, ஒல கொதிக்குது."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். அவனுக்கு யார் சாட்சி சொல்வது? ஆண்பிள்ளைகள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆனால் எங்கள் லைனில் ஆண்பிள்ளைகள் பேச்சை யார் மதித்தார்கள்? தாயம்மா இல்லை என்றால் இல்லைதான். கேஜில் இறங்கும்போதே பயல்கள் ஆரம்பித்துவிடுவார்கள். "கட்டின பொண்டாட்டியே நீ இல்லன்றாளே, அப்போ எங்ககூட வேல செய்யறது யாருய்யா?" கீழே போய்ச் சேரும் வரைக்கும் சிரிப்பு. இருட்டில் அவன் யாரை அடிப்பான்?

எனக்கும் தாயம்மாவிடம் கோபம் கோபமாக வந்தது. நாடகக்காரன் முகத்துக்கு நேரே உள்ளதை உள்ளபடி சொன்னவள், எதிரே நிற்கிற புருஷனை நீ இல்லை என்கிறாளே. அவனுக்கு ஒரே ஒரு பெருமை. அதற்கு ஒரு கால் வேக்காடு கொடுத்தால் இவளுக்கு என்ன குறைந்துவிடும்? இதை அவளிடம் கேட்டே விட்டேன். "தட்டுல சோறு கீதா? அத்தப் பாரு" என்று சொல்லிவிட்டாள்.

இன்னொன்றும் அந்த நாட்களில்தான் ஆரம்பித்தது. கோவிந்தன் ஷிப்டு முடிந்து வருகிற நேரத்துக்கு வாசலில் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கும். முன்னெல்லாம் அப்படி வைத்ததில்லை, அவன் அடுப்படிப் பானையில் கையை நனைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவான். இப்போது சொம்பைப் பார்த்தாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இத்தினியூண்டு தண்ணில எந்தக் கால கழுவறது? எடதா, வலதா?" என்று கேட்டுக்கொண்டே காலில் கவிழ்ப்பான். மறுநாளும் சொம்பு இருக்கும்.

கடைசியில் அவன் டக்ளஸிடமே போய் அழுதான். அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். "பின்னாடி எல்லாம் உல்ட்டா, மேன். லெப்டு எல்லாம் ரைட்டு. உன் ஒய்ப் பார்த்தது கரெக்ட், நீ பார்த்ததும் கரெக்ட்." கோவிந்தன் மைதானத்திலிருந்து அந்தக் காலை வைத்துக்கொண்டு ஓடியே வந்தான். வேட்டி ஒன்றை நனைத்து, அதில் அடுப்புக்கரியால் ஒரு மனிதனை வரைந்து, ஒரு காலை மட்டும் வளைத்துப் போட்டு, ஒரு முனையை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னான். வேட்டிக்கு இந்தப் பக்கம் விளக்கு, அந்தப் பக்கம் தாயம்மா. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

தாயம்மா முன்னால் வந்து பார்த்தாள், பின்னால் போய்ப் பார்த்தாள். "சரிதான். பின்னாடி மாறித்தான் தெரியுது" என்றாள்.

"ஒத்துக்கினியா?" கோவிந்தன் குரல் கூரையைத் தொட்டது.

"துணிய ஒத்துக்கினேன். அந்த ஆளு நீ இல்ல."

அவன் வேட்டியைச் சுருட்டி அடுப்பில் எறிந்தான். நான்தான் இழுத்துப் போட்டேன். அவ்வளவு பேருக்கும் முன்னால் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "இத்தினி வருசமா எங்கூட கீற. எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு கெடைச்சுது. அத்தயும் இல்லன்னு சொல்ல உனக்கு எப்படிம்மே மனசு வருது?" என்றான். தாயம்மா குனிந்து அடுப்பை ஊதினாள். ஊத வேண்டிய அவசியமே இல்லை, நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

டக்ளஸ் கூடாரத்தைப் பிரிக்கிற சமயம் வந்தது. கடைசி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. கோவிந்தன் மறுபடி அவரிடம் போய், அன்றைக்கு மட்டும் பெண்களை முன்னால் உட்கார வைக்க வேண்டும், ஆண்கள் பின்னால் போகட்டும் என்று கெஞ்சினான். இதைச் சொல்லியே ஒரு கூட்டம் சேர்க்கலாம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, உடனே ஒப்புக்கொண்டார். தாயம்மாதான் வர மாட்டேன் என்றாள். எனக்கு வேலை கிடக்கிறது என்றாள். கோவிந்தன், நீ வராவிட்டால் இனிமேல் உன் கையால் ஒரு பருக்கை தின்ன மாட்டேன் என்று எங்கள் எல்லாருக்கும் முன்னால் சத்தியம் பண்ணினான். பண்ணிவிட்டு, போட்ட தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டான்.

தாயம்மா அவன் தள்ளிய தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். "சரி, வரேன். ஆனா நீயும் ஒண்ணு செய்யணும். அந்தப் பக்கம் உக்காந்து பாக்கச்சொல்ல, கால பாக்காத."

"காலப் பாக்காம வேற எத்தப் பாக்கறது? சண்டையே காலுக்குத்தானே?"

"கால வுட்டுட்டு மீதி எல்லாத்தையும் பாரு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் முதல் தடவையாகத் துணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம். இடம் குறுகல். துணி கைக்கெட்டும் தூரத்தில், நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு கிட்டத்தில் எல்லாம் ஆளுக்கு மேல் ஆள் உயரமாகத் தெரிந்தது. ரயில் இடப்புறமிருந்து வந்தது. கஞ்சிக் குடும்பம் இடது கையால் குடித்தது. "அட, பொம்பளைங்க சொன்னது நெசந்தான்டா" என்று எல்லாரும் சிரித்தோம். கோவிந்தன் என் பக்கத்தில் உட்கார்ந்து தொடையைத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் ஜெயித்துவிட்டான், இன்னும் ஒரு படம்தான் பாக்கி.

ஷாப்டு படம் வந்தது. எங்கள் ஆட்கள் வழக்கம்போலக் கத்த ஆரம்பித்தார்கள். துணிக்கு அந்தப் பக்கம் பெண்கள் மூச்சு விடவில்லை. கத்தலுக்கு எதிர்க் கத்தல் இல்லாமல் போனதும் எங்கள் சத்தம் தானாகவே அடங்கிவிட்டது. கேஜிலிருந்து கோவிந்தன் வந்தான். பக்கத்தில் இருந்த கோவிந்தன் எழுந்து, "தாயி, தோ வர்றேன், எந்தக் காலுன்னு பாரு" என்று கத்தப் போனான். "தாயி" வரைக்கும்தான் வந்தது. அவள் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கண்ணைக் காலிலிருந்து மேலே தூக்கினான்.

நானும் பார்த்தேன். கோவணத்தோடு ஒரு ஆள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறான். விலா எலும்பு எல்லாம் தெரிகிறது. அவிழ்ந்த மயிர் முகத்தில் விழுந்து கிடக்கிறது. அவன் வயசில் பாதி இருக்கிற ஒரு காவல்காரன் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல அவன் தாடையைப் பிடித்துத் திருப்பி, வாய்க்குள் விரலை விட்டுத் துழாவுகிறான். விரல் வாய்க்குள் இருக்கும்போதே, பெட்டிக்காரர் இங்கே பார் என்று சொல்லியிருக்கிறாரே, அந்த ஆள் எங்களைப் பார்த்துச் சிரிக்கப் பார்க்கிறான்.

கோவிந்தன் உட்கார்ந்துவிட்டான். அடுத்து ஏசுபாதம் வந்தான், அவனும் வாயைத் திறந்தான். அடுத்தவன், அடுத்தவன், எல்லாரும் வாயைத் திறந்தார்கள். தினமும் பட்டறை வாசலிலிருந்து இதைப் பார்க்கிற நான் அன்றைக்குத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இத்தயா பாத்தா?" என்று கோவிந்தன் என்னைக் கேட்டான். "எல்லாப் பொம்பளைங்களுமா பாத்தாங்க?"

ஆமாம், எல்லாரும்தான் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, காலும் தழும்பும் மாறித் தெரிந்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இது எங்கள் ஆட்கள் இல்லை என்று ஒரு குடம் நிரம்புவதற்குள் எல்லாருமாகச் சேர்ந்து சொல்லிவிட்டார்கள். இவன்தான் அதை உடைப்பதற்காக இத்தனை நாள் ஊரெல்லாம் ஓடியிருக்கிறான். அவனுக்கு வேட்டி பிடித்துக் கொடுத்தது நான்.

கூடாரத்துக்கு வெளியே கூட்டம் காத்திருந்தது. தாயம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தாள். ஏசுபாதம் பின்னாலிருந்தபோது என்ன பார்த்தானோ தெரியாது, பழைய வேகத்திலேயே கேட்டுவிட்டான்.

"இன்னா தாயம்மா, இப்போ முன்னாடி உக்காந்து பாத்தாச்சு. சொல்லு, எத்தினி வேக்காடு? அது கோவிந்தன்தானே?"

தாயம்மா வாயைத் திறப்பதற்குள் கோவிந்தன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு காலை இழுத்து இழுத்து வந்தான்.

"அவள இன்னாத்துக்குக் கேக்கற? என்னக் கேளு. அது நான் இல்ல."

"யோவ், நீதானேய்யா இத்தினி நாளா..."

"நான் இல்லன்றேன்! எனக்குத் தெரியாதா? நான் எடது கால இஸ்துக்கினு நடக்கறவன். அவன் வலது கால இஸ்துக்கினு போறான். அவன் எவனோ." ஏசுபாதம் லூயிசாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் அன்னிக்கே சொன்னேனே மாமா" என்றாள் தாயம்மா. "வா, சோறு ஆறுது."

டக்ளஸ் மறுநாள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ரயிலேறினார். அந்தப் படம் எந்தெந்த ஊருக்குப் போய், யார் யார் அதைப் பார்த்து எத்தனை வேக்காடு போட்டார்களோ, எனக்குத் தெரியாது. நினைத்தால் இப்போதும் ஆத்திரம்தான் வருகிறது. ஆத்திரப்பட்டு என்ன செய்ய? திங்கட்கிழமை ஷிப்டு முடிந்து கேஜ் மேலே வந்தது. அதே கொட்டாய், அதே காவல்காரன், அதே வரிசை. கோவிந்தன் கையைத் தூக்கினான். வாயைத் திறந்தான். பட்டறை வாசலில் நின்றிருந்த நான் உள்ளே போய்விட்டேன்.

சாயங்காலம் நாங்கள் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது அவன் வந்தான். வாசலில் சொம்புத் தண்ணீர் இருந்தது. அதை எடுத்தான். காலில் ஊற்றவில்லை. வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்துத் துப்பினான். மறுபடி எடுத்தான், மறுபடி துப்பினான். சொம்பு காலியாகிற வரைக்கும் கொப்பளித்தான்.

தாயம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, அவன் கையிலிருந்த சொம்பை வாங்கி, பானையிலிருந்து இன்னொரு சொம்பு மொண்டு கொடுத்தாள்.